முள்ளெலித் தலைக்கு இரண்டு பென்ஸ்

1566ஆம் ஆண்டில், முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில், இங்கிலாந்துப் பாராளுமன்றம் தானியப் பாதுகாப்புக்கென ஒரு சட்டம் இயற்றியது. அரசியல் வரலாற்று நூல்களில் இதற்குப் பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பளவு இடமே கிடைக்கும். ஆனால் அந்நாட்டுக் கிராமத்துத் தோட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுபவர் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஏனெனில் இச்சட்டம் உண்மையில் ஒரு விலைப்பட்டியல். நரித்தலை ஒன்றுக்கு 12 பென்ஸ். பேட்ஜர் எனப்படும் வளைவாழ் விலங்குக்கும் அதே விலை. நீர்நாய்க்கு 2 பென்ஸ். மரநாய் இனத்துப் போல்கேட், ஸ்டோட், வீசல் ஆகியவற்றுக்குத் தலைக்கு ஒரு பென்னி. மூன்று காகத்தலைகளுக்கு ஒரு பென்னி. மூன்று எலித்தலைகளுக்கோ பன்னிரண்டு சுண்டெலித்தலைகளுக்கோ ஒரு பென்னி. அகழெலிக்கு அரைப் பென்னி. பழமரங்களின் பூமொட்டுகளைக் கொத்தித் தின்னும் புல்ஃபின்ச் என்னும் செம்மார்புக் குருவிக்கு ஒரு பென்னி. மீன்கொத்திக்குங்கூட ஒரு பென்னி. முள்ளெலிக்கு 2 பென்ஸ்.

பணத்தை வழங்கியது அரசுக் கருவூலம் அன்று, ஊர். ஒவ்வொரு திருச்சபை வட்டாரத்திலும் இருந்த ஆலயப் பொறுப்பாளர்கள் (நம்மூர்க் கோயில் தர்மகர்த்தாக்களை ஒத்தவர்கள் என்று கொள்ளலாம்) நிலம் வைத்திருப்போரிடம் வரி தண்டி, அந்நிதியிலிருந்து தலை கொண்டு வருபவர்க்குக் கொடுத்தார்கள். ஒரே தலையை இருமுறை காட்டிப் பணம் பெறும் சாமர்த்தியசாலிகள் எல்லாக் காலத்திலும் எல்லா ஊரிலும் உண்டு என்பதைச் சட்டம் வகுத்தவர்கள் நன்கறிந்திருந்தனர். ஆதலால் கொண்டுவரப்பட்ட தலைகளையும் முட்டைகளையும் பொறுப்பாளர்கள் முன்னிலையிலேயே எரிக்கவோ துண்டிக்கவோ வேண்டும் என்று விதித்தார்கள். தேவாலயத்துக்கு மணிக்கயிறு வாங்கிய செலவுக்கும் திருவிருந்துத் திராட்சை ரசத்துக்கும் இடையே முள்ளெலிகளுக்கும் குருவிகளுக்கும் கொடுத்த சில்லறை எழுதப்பட்டிருக்கும் கணக்கேடுகள் இன்றும் அந்நாட்டு ஆவணக்காப்பகங்களில் உள்ளன. ரோஜர் லவ்குரோவ் என்பவர் இவ்வேடுகளை ஊர் ஊராக வாசித்து 2007இல் ‘சைலன்ட் ஃபீல்ட்ஸ்’ என்ற நூலை எழுதினார். ஒரு தேசம் தன் காட்டுயிர்களைச் சில்லறைக் காசு கொடுத்துக் கொன்ற நெடுங்கதையை அதில் காணலாம்.

சட்டத்தின் பின்புலம் எளிதில் விளங்கக்கூடியதே. மக்கள்தொகை பெருகிக்கொண்டிருந்தது, விளைச்சல் பொய்த்த ஆண்டுகள் அடிக்கடி வந்தன. இதற்கு முன்னரே 1532இல், எட்டாம் ஹென்றியின் காலத்தில், ஒவ்வோர் ஊரும் காகம் பிடிக்க வலை வைத்திருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் வந்திருந்தது. எலிசபெத்தின் சட்டம் அதை விரித்து, தானியத்தோடு தொடர்பே இல்லாத உயிர்களையும் பட்டியலுக்குள் இழுத்துக்கொண்டது. மீன்கொத்தி தானியம் தின்பதில்லை. முள்ளெலியும் தின்பதில்லை.

இங்கே ஒரு சிறு விளக்கம். முள்ளெலி வேறு, முள்ளம்பன்றி வேறு. பின்னது கிழங்கையும் பட்டையையும் கொறிக்கும் பெரிய விலங்கு. முன்னது இரு கைக்குள் அடங்குவது. அஞ்சினால் பந்தாகச் சுருண்டுகொள்வது. வண்டு, புழு, ஓடற்ற நத்தை இவற்றையே பெரிதும் உண்டு வாழ்வது. தமிழகத்தின் வறண்ட தென்மாவட்டங்களிலும் இதற்கு ஓர் உறவினம் உண்டு. அதன் முள்ளை இருமலுக்கு மருந்தாகப் பயன்படுத்தும் வழக்கம் அங்கே இருந்தது. அதாவது தோட்டக்காரனின் பகைவர்களைத் தின்று தீர்க்கும் இந்தப் பிராணியின் தலைக்குத்தான் நீர்நாய்க்கு நிகரான விலை வைத்தார்கள். இரவில் படுத்திருக்கும் பசுக்களின் மடியில் வாய்வைத்து இது பாலை உறிஞ்சிவிடுகிறது என்பது கிராமத்து நம்பிக்கை. சட்டம் இயற்றிய கனவான்களும் அதை நம்பியிருக்க வேண்டும். அக்காலத் தென் இங்கிலாந்துக் கூலியாளின் ஒரு நாள் சம்பளம் 8 பென்ஸை ஒட்டியே இருந்தது. நான்கு முள்ளெலி பிடித்தால் ஒரு நாள் கூலி. வீட்டில் பசி கிடக்கும்போது, அது பால் குடிக்குமா குடிக்காதா என்று எவன் ஆராய்ந்துகொண்டிருப்பான்?

இச்சட்டம் 1863 வரை நீக்கப்படவில்லை.

*

கொல்பவனுக்குக் காசு கொடுத்த சட்டம் இது. கொல்பவனைச் சிறைக்கு அனுப்பிய சட்டம் ஒன்றும் இதே காலத்தில் இயங்கியது. இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போதுதான் குடிசைத் தோட்டக்காரனின் நிலை நமக்குப் புலப்படுகிறது.

1671ஆம் ஆண்டு வேட்டைச் சட்டத்தின்படி, ஆண்டுக்கு 100 பவுண்டு வருவாய் தரும் சொந்த நிலம் உடையவர்களும் அதற்கொத்த தகுதி படைத்த சிலருமே முயல், கௌதாரி, ஃபெசன்ட் ஆகியவற்றை வேட்டையாடலாம். மற்றவர்கள் வேட்டைத் துப்பாக்கி, வலை, கண்ணி ஆகியவற்றையும் வேட்டைக்குரிய நாய் வகைகளையும் வைத்திருப்பதே குற்றம். பண்ணைப் பிரபுவின் வேட்டைக் காவலன் ஆணை பெற்று அவர்கள் வீட்டைச் சோதனையிடலாம். கண்டதைப் பறிமுதல் செய்யலாம். ஆகவே ஓர் ஏழை தன் குடிசையின் பின்புறம் நாலு பாத்தி முட்டைக்கோசு வைத்து, இரவில் பிரபுவின் காட்டிலிருந்து முயல் வந்து அதை மேய்ந்துவிட்டுப் போனால், அவன் செய்யக்கூடியது வேலியை அடைப்பதும் விரட்டுவதுமே. அந்த முயலை அடித்துக் குழம்பு வைத்தால் அவன் திருடன். அதே பாத்தியில் சுருண்டு கிடந்த முள்ளெலியை அடித்துத் தேவாலயத்துக்குக் கொண்டுபோனாலோ நற்குடிமகன்! எது தீங்குயிர், எது வேட்டையுயிர் என்ற பிரிவு இயற்கையில் இல்லை; யாருடைய பந்தியில் எது பரிமாறப்படுகிறது என்பதில் இருந்தது.

நாய்களின் கதை இதனினும் பழையது. இடைக்கால அரச வனங்களின் எல்லைக்குள் வாழ்ந்தவர்கள் வளர்த்த பெரிய நாய்களுக்கு முன்னங்காலின் மூன்று நகங்களை வெட்டிவிடும் வழக்கம் இருந்தது. அரசரின் மானை அவை துரத்திப் பிடித்துவிடக் கூடாதல்லவா? இந்த வழக்கத்தை ஒழுங்குபடுத்தும் விதி 1217ஆம் ஆண்டின் வனச் சாசனத்திலேயே காணப்படுகிறது. தன் கோழிக்கூண்டைக் காவல் காக்க நாய் வளர்ப்பவன், அந்த நாயின் பாதத்தை அரசருக்கு ஒப்புக்கொடுக்க வேண்டியிருந்தது.

ஹாம்ப்ஷயர் மாவட்டத்துக் காடுகளில் மான் திருடிய கூட்டத்தார் முகத்தில் கரி பூசிக்கொண்டு திரிந்தமையால் ‘கறுப்பர்கள்’ எனப்பட்டனர். அவர்களை ஒடுக்க 1723இல் வந்த சட்டம், மான் திருட்டு முதல் மரங்களை வெட்டிச் சாய்ப்பது வரை ஐம்பதுக்கும் மேற்பட்ட செயல்களுக்கு மரண தண்டனை விதிக்க வழிசெய்தது. வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்ப்சன் 1975இல் இதைப் பற்றி எழுதிய நூல் புகழ்பெற்றது. சட்டம் வந்தபோது அதே மாவட்டத்தில் பிறந்து மூன்று வயது நிறையாத குழந்தையாக இருந்தவர்தான் கில்பர்ட் வைட். பிற்காலத்தில் அவரே அக்கறுப்பர்களைப் பற்றித் தம் நூலில் எழுதினார்.

*

கில்பர்ட் வைட் (1720–1793) செல்போர்ன் என்னும் சிற்றூரின் உதவிக் குருவானவர். ஊரின் தலைமைக் குருவாக அவருடைய பாட்டனார் இருந்தார். பேரனுக்கு அப்பதவி வாய்க்கவில்லை. அந்நியமனம் ஆக்ஸ்ஃபோர்டின் மாக்டலன் கல்லூரியின் கையில் இருந்தது. வைட் படித்ததோ ஓரியல் கல்லூரியில். திருமணம் செய்துகொள்ளாமல், ‘தி வேக்ஸ்’ என்ற தம் குடும்ப வீட்டில், தோட்டத்தோடு வாழ்ந்தார். 1751 முதல் தோட்டக் குறிப்பேடும் 1768 முதல் இயற்கை நாட்குறிப்பும் எழுதி வந்தார். தாமஸ் பென்னன்ட், டெய்ன்ஸ் பாரிங்டன் ஆகியோருக்கு எழுதிய கடிதங்களின் வடிவில் அமைந்த ‘செல்போர்னின் இயற்கை வரலாறு’ 1789இல் வெளிவந்தது. சார்ல்ஸ் டார்வினைப் பள்ளிப்பருவத்தில் பறவை பார்க்கத் தூண்டியது இந்நூலே.

இலக்கிய வாசகர்கள் இவரை ஒரு சாந்தமான கிராமத்து ஞானியாக நினைவுகூர்வது வழக்கம். எனக்கோ அவர் முதலில் ஒரு தோட்டக்காரராகவே தோன்றுகிறார். அதிலும் முலாம்பழப் பைத்தியம் பிடித்த தோட்டக்காரர். குளிர்நாட்டில் முலாம்பழமும் வெள்ளரியும் விளைவிக்கக் குதிரைச்சாணத்தைக் குவித்து, அது மக்கும்போது எழும் வெம்மையில், கண்ணாடிச் சட்டங்களின் கீழ்ப் பயிரிடுவார். வண்டி வண்டியாகச் சாணம் வந்த கணக்கு அவர் குறிப்பேடு நெடுகிலும் இருக்கிறது. கண்ணாடிக்குள் இருக்கும் வெள்ளரிப் பூவுக்குத் தேனீ வராவிட்டால், பூக்களில் சிறிது தேனைத் தடவி அவற்றை அழைக்கலாம் என்று யோசனை சொல்கிறார். மேய்ச்சல் கால்நடை தோட்டத்துக்குள் வராமலும் பார்வையை வேலி மறைக்காமலும் இருக்க, 1761இல் ‘ஹா-ஹா’ என்ற விசித்திரப் பெயர் கொண்ட பள்ளச் சுவர் ஒன்றையும் கட்டுவித்தார்.

அவர் அகிம்சாவாதி அல்லர். தோட்டத்துக்குப் பெரும் பகை குளவிகளே என்று எழுதுகிறார். நல்ல பழங்கள் கனிந்துவரும் வேளையில் அவை வந்து அழித்துவிடும். 1781இல் ஒன்றுகூட இல்லை, 1783இலோ ஆயிரமாயிரம். சிறுவர்களை ஏவிக் கூடுகளை எடுக்கச் செய்தார். பறவை பிடிக்கும் பிசினை மிலார்களின் நுனியில் தடவி ஆயிரக்கணக்கில் பிடித்தார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில், வசந்த காலத்திலேயே கூடு கட்டக் கிளம்பும் பெரிய குளவிகளைத் தேடிக் கொல்லச் சிறுவர்களை அமர்த்தினார். எப்போது அடித்தால் பலன் அதிகம் என்று கவனித்து அடிப்பவர் அவர்.

ஆனால் முள்ளெலியைப் பற்றி 1770இல் பென்னன்டுக்கு அவர் எழுதியதை, அந்த 2 பென்ஸ் சட்டம் நடப்பில் இருந்த காலத்தில் எழுதப்பட்டது என்ற நினைவோடு வாசிக்க வேண்டும். முள்ளெலிகள் தம் தோட்டத்தில் நிறைய உண்டு என்கிறார். புல்வெளிப் பாதையில் முளைக்கும் ப்ளான்டைன் என்ற களையின் (வாழைக்கும் இதற்கும் உறவில்லை) வேரை, இலைக்கொத்தைத் தொடாமலே, கீழிருந்து மேலாக அவை தின்பதாக விவரிக்கிறார். தொல்லை தரும் களை ஒழிகிறது, அது நன்மை; பாதையில் சிறு சிறு வட்டக் குழிகள் விழுகின்றன, அது தீமை. பிறகு அவற்றின் எச்சத்தைக் கவனித்து, வண்டுகள் அவற்றின் உணவில் கணிசமான பங்கு என்று முடிவு செய்கிறார். புதிதாய்ப் பிறந்த குட்டிகளின் முட்கள் மென்மையாகவும் வெண்மையாகவும் இருந்ததைப் பதிவு செய்கிறார். இவ்வளவுதான். பசுவின் மடி அங்கே வருவதில்லை. இருநூறு ஆண்டுகளாகத் தலையை எண்ணிக்கொண்டிருந்த நாட்டில் ஒருவர் குனிந்து எச்சத்தைப் பார்த்தார்.

மண்புழுவுக்கும் அவர் இதே நீதியை வழங்கினார். தோட்டக்காரன் நடைபாதை அசிங்கமாகிறதென்று அதை வெறுக்கிறான். உழவன் இளம்பயிரைத் தின்கிறதென்று வெறுக்கிறான். 1777ஆம் ஆண்டுக் கடிதத்தில் வைட் இருவருக்கும் மறுப்பு எழுதினார்: மண்ணைத் துளைத்து, இளக்கி, மழைநீரையும் வேரையும் உள்ளே விடுவது அதுவே, பயிரை அழிப்பது பெரும்பாலும் ஓடற்ற நத்தையும் பூச்சியும். பக்கத்துப் பண்ணை ஒன்றில் அவ்வாண்டு ஏறத்தாழ நான்கு ஏக்கர் கோதுமை அந்நத்தைகளால் அழிந்த செய்தியையும் சான்றாகச் சேர்த்தார். டார்வின் மண்புழு பற்றித் தம் நூலை வெளியிட்டது இதற்கு நூற்று நான்கு ஆண்டுகள் கழித்து, 1881இல்.

வளர்ப்புயிரும் காட்டுயிரும் ஒன்றோடொன்று மோதும் இடங்களில் வைட்டின் எழுத்து வேறொரு நிறம் கொள்கிறது. ஒரு நண்பரிடம் யாரோ ஒரு முயல்குட்டியைக் கொடுத்தார்கள். வேலையாட்கள் கரண்டியால் பாலூட்டி வளர்த்தார்கள். அதே சமயம் வீட்டுப் பூனை ஈன்றது. அதன் குட்டிகளைக் கொன்று புதைத்துவிட்டார்கள். சில நாளில் முயல்குட்டி காணாமற் போயிற்று. நாயோ பூனையோ தின்றிருக்கும் என்று எல்லாரும் எண்ணினர். இரண்டு வாரம் கழித்து ஒரு மாலையில், பூனை வாலைத் தூக்கிக்கொண்டு, தன் குட்டிகளை அழைக்கும் மெல்லிய குரலில் கூப்பிட்டபடி வந்தது. பின்னால் துள்ளிக்கொண்டு வந்தது அந்த முயல். ஊனுண்ணி தன் இரையையே பாலூட்டி வளர்த்த அதிசயத்தை, மடியில் கட்டிய பாலின் வலியையும் தாய்மையின் தவிப்பையும் கொண்டு விளக்க முயல்கிறார் வைட்.

இதற்கு நேர்மாறான இன்னொரு காட்சி. அயலார் ஒருவரின் கோழிக்குஞ்சுகளைப் பருந்தினத்து வல்லூறு ஒன்று ஒவ்வொன்றாகக் கவர்ந்து சென்றது. அவர் விறகு அடுக்குக்கும் வீட்டுக்கும் இடையே வலை கட்டிப் பிடித்தார். ஆத்திரம் தீரவில்லை. சிறகைக் கத்தரித்து, நகங்களை வெட்டி, அலகில் தக்கையைச் செருகி, குஞ்சிழந்த கோழிகளின் நடுவே எறிந்தார். கோழிகள் அதைக் கொத்திக் கிழித்துத் தீர்த்தன. வைட் இதைக் கண்டிக்கவில்லை. சற்று ரசித்தே எழுதியிருக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும். அக்காலத்தின் மனம் அது. முள்ளெலியின் எச்சத்தை ஆராய்ந்த அதே கண்கள்தாம் இதையும் கண்டன. அவரைப் புனிதராக்க விரும்புவோர் இப்பக்கத்தைப் புரட்டிவிட்டுச் சென்றுவிடுவது வழக்கம்.

அவருடைய செல்லப்பிராணி டிமொதி என்ற ஆமை. ரிங்மர் என்ற ஊரில் அத்தையின் தோட்டத்தில் வாழ்ந்தது. அத்தை 1780இல் இறந்தபின், குளிர்கால உறக்கத்தில் புதைந்து கிடந்ததைத் தோண்டியெடுத்து, மண்ணோடு பெட்டியில் வைத்து, எண்பது மைல் குதிரை வண்டியில் செல்போர்னுக்குக் கொண்டுவந்தார். முட்டைக்கோசு இலையின் நிழலிலும் அஸ்பாரகஸ் பாத்தியின் காட்டிலும் அது வெயிலுக்கு ஒதுங்குவதையும், மழைத்துளிக்கு அஞ்சி ஓடுவதையும் எழுதினார். ஊதுகுழல் வைத்து அதன் அருகே கத்திப் பார்த்தார், அது பொருட்படுத்தவில்லை. 1784இல் வேலிக்கதவு வழியாக வெளியேறி ஒரு வாரத்துக்கும் மேலாகக் காணாமற்போய், பின்னர் அகப்பட்டது. எசமானர் மறைந்த மறு ஆண்டு அதுவும் இறந்தது. அதன் ஓடு இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெயர்தான் ஆண்பெயர், அது பெண் ஆமை என்பது பிற்பாடே தெரியவந்தது.

*

வைட்டின் சமகாலத்தவரான கவிஞர் வில்லியம் கூப்பரை இங்கே விட்டுவிட முடியாது. மனநோயிலிருந்து மீண்டுகொண்டிருந்த அவர், ஓல்னி என்ற சிற்றூரில் தோட்டத்திலும் தச்சு வேலையிலும் மனத்தைச் செலுத்தி வாழ்ந்தார். 1774இல் அண்டைவீட்டுக் குழந்தைகள் விளையாடிச் சலித்த ஒரு முயல்குட்டி அவரிடம் வந்தது. செய்தி பரவியதும் ஊரார் ஒரு கொட்டில் நிறையுமளவுக்குக் குட்டிகளைக் கொடுக்க முன்வந்தனர். மூன்றை மட்டும் ஏற்றார். பெண்பெயர்கள் சூட்டப்பட்டவையும் உட்பட மூன்றும் ஆண்கள். பஸ் என்ற முயலைக் காலை உணவுக்குப் பின் தோட்டத்தில் விடுவார். அது வெள்ளரி இலைகளின் கீழ் மாலைவரை படுத்திருக்கும். முயலையே கண்டிராத தம் நாயையும் நாயையே கண்டிராத அந்த முயலையும் ஒருநாள் சந்திக்க வைத்தார். முயல் அஞ்சவில்லை, நாய் உறுமவில்லை. இவற்றுக்கிடையே இயல்பான பகை இல்லை, ஒன்று துரத்துவதால்தான் மற்றது ஓடுகிறது என்று 1784இல் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதழில் எழுதினார். தகுதியற்றவன் தொட்டால் குற்றமாகும் விலங்கு, வெள்ளரிப் பாத்தியில் துயின்ற காட்சி அது. ஆனால் 1782இல் பூனைக்குட்டிகளின் முன்னே ஒரு விரியன் பாம்பு தலைநீட்டியபோது, இதே மனிதர் களைக்கொத்தை எடுத்துவந்து அதைக் கொன்றார். அதை ‘கொலுபிரியட்’ என்ற வேடிக்கைக் காவியமாகவும் பாடினார்.

*

பின்னர் நடந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம். வேட்டைக்கான சொத்துத் தகுதி 1831இல் நீங்கிற்று. தான் பயிரிடும் நிலத்தில் மேயும் முயலைக் கொல்லக் குடியானவனுக்கு உரிமை கிடைத்தது 1880இல். பற்கள் கொண்ட இரும்புப் பொறி 1958இல் தடைசெய்யப்பட்டது. கொட்டகை கொட்டகையாகத் தலைகளை எரித்த நாடு மெல்ல மனம் மாறிற்று. கால்நடைகள் தாண்டாதிருக்கச் சாலைகளில் பதிக்கும் கம்பித் தட்டியின் கீழ்ப் பள்ளத்தில் விழுந்த முள்ளெலிகள் ஏறி வர முடியாமல் சாவதைக் கண்ட ஓர் ஓய்வுபெற்ற இராணுவ மேஜர், அவற்றுக்குச் சாய்வுப்பலகை வைக்கச் சொல்லி இயக்கம் தொடங்கினார். அது 1982இல் பிரிட்டிஷ் முள்ளெலிப் பாதுகாப்புச் சங்கமாயிற்று. 2011இல் தொடங்கிய இயக்கம் ஒன்று, தோட்ட வேலிகளில் 13 சென்டிமீட்டர் சதுரத் துளையிட்டு முள்ளெலிக்கு வழிவிடும்படி வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொண்டது. நத்தைகளைக் கொல்லும் மெட்டால்டிஹைடு குருணைகளைத் திறந்தவெளியில் பயன்படுத்துவது 2022இல் தடைசெய்யப்பட்டது.

ஆனால் தலைக்கு விலை வைத்த மூன்று நூற்றாண்டுகளால் அழிக்க முடியாத முள்ளெலி, விலை நீங்கிய காலத்தில்தான் மறையத் தொடங்கியது. 2000க்குப் பின் கிராமப்புறங்களில் அதன் எண்ணிக்கை, வட்டாரத்துக்கேற்ப, 30 முதல் 75 விழுக்காடு வரை குறைந்ததாக 2022ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. வேலிப்புதர்கள் அகற்றப்பட்ட பெருவயல்கள், பூச்சிமருந்து, சாலை வாகனங்கள், அதை உண்ணக்கூடிய பேட்ஜர் எனக் காரணங்கள் பல. காசுக்காகக் கொன்றவன் முள்ளெலியைத் தேடி அலைந்தான்; அது வாழும் புதரை அவன் அழிக்கவில்லை.

இதற்கிடையே ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில், முள்ளெலியே இல்லாதிருந்த தெற்கு யூயிஸ்ட் தீவில், 1974இல் சில முள்ளெலிகள் கொண்டுவந்து விடப்பட்டன. நோக்கம் தோட்டத்து நத்தைகளை ஒழிப்பது. வைட் அறிந்திருந்தால் மகிழ்ந்திருக்கக்கூடிய ஏற்பாடு! அவை பெருகின, தரையில் கூடு கட்டும் கரைப்பறவைகளின் முட்டைகளைத் தின்னத் தொடங்கின. 2003இல் அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அவற்றைக் கொல்லத் தொடங்கியது. விலங்குநல அமைப்புகள் கொதித்தெழுந்து தீவுக்கு ஆட்களை அனுப்பி, முள்ளெலியை உயிரோடு பிடித்துத் தருபவர்க்குப் பணம் தருவதாக அறிவித்தன. தீவுவாசிகள் பெட்டிகளில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் காசு வாங்கிச் சென்றனர். 2007இல் கொலை நிறுத்தப்பட்டது. அதன்பின் பிடிபட்டவை கப்பலேறி, எண்ணிக்கை குறைந்துவரும் பெருநிலத்தின் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தன.